சிவப்பு வட்டத்துக்கு வெளியேயும் பாருங்கள்: தமிழ்ச் செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். நான் தூத்துக்குடியில் ஏற்றுமதி சரக்குகளைக் கப்பலில் அனுப்பிவைக்கும் தொழிலில் இருக்கிறேன். திருப்பூர் பனியன், தேங்காய் நார், உறைந்த இறால் என்று பெட்டி பெட்டியாகக் கொழும்புக்குப் போகும். அங்கிருந்து பெரிய கப்பலில் மாறி ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போகும். நாளிதழ் வாசிக்காமல் என் காலை தொடங்குவதில்லை. இரவு செய்தித் தொலைக்காட்சியும் பார்ப்பேன். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

சீனா நம் பக்கத்து நாடுகளில் என்ன செய்கிறது, இலங்கையில் என்ன செய்கிறது என்பதைப் பற்றி உங்கள் பக்கங்களிலும் திரைகளிலும் வருகிற செய்திகள் எனக்குப் போதவில்லை. செய்தி குறைவாக வருகிறது என்பதல்ல என் குறை. நிறையவே வருகிறது. ஆனால் அத்தனையும் ஒரே இடத்தில் நின்று பார்த்து எழுதியவை. அந்த இடம் டெல்லி.

2022 ஆகஸ்டை நினைத்துப் பாருங்கள். யுவான் வாங் 5 என்ற சீனக் கப்பல் ஆகஸ்ட் 16 அன்று இலங்கையின் தென்கரைத் துறைமுகமான அம்பாந்தோட்டைக்கு வந்து 22 அன்று கிளம்பியது. செயற்கைக்கோள்களையும் ஏவுகணைகளையும் பின்தொடரும் கப்பல் அது. ஏறக்குறைய எல்லாத் தொலைக்காட்சிகளிலும் ஒரே வரைபடம் ஓடியது. அம்பாந்தோட்டையை நடுவில் வைத்து 750 கிலோமீட்டருக்குச் சிவப்பு வட்டம், அதற்குள் கூடங்குளம், கல்பாக்கம். பின்னணியில் அபாயச் சங்கு போன்ற இசை.

அதே வாரத்தில் எங்கள் அலுவலகத்தில் வழக்கமான வேலை ஓடிக்கொண்டிருந்தது. பீடர் கப்பல் (பெட்டிகளைப் பெரிய துறைமுகத்துக்குக் கொண்டுபோகும் சிறிய கப்பல்) கிளம்புவதற்குள் பெட்டிகளைத் துறைமுகத்துக்குள் சேர்க்க வேண்டும் என்று லாரிக்காரர்களோடு போனில் சண்டை. அந்தப் பெட்டிகள் ஒரே இரவில் கொழும்பு போய்ச் சேரும். அவற்றில் கணிசமானவை இறங்கும் முனையத்தின் பெயர் சி.ஐ.சி.டி. 2013இல் திறந்தது. அதில் 85 சதவீதம் சைனா மெர்ச்சன்ட்ஸ் என்ற சீன அரசு நிறுவனத்துக்குச் சொந்தம். மிச்சம் 15 சதவீதம்தான் இலங்கைத் துறைமுக அதிகாரசபைக்கு. கொழும்பில் கப்பல் மாறும் சரக்கில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து வருவதும் இந்தியாவுக்குப் போவதும்தான். அதாவது, நம் ஊர்ச் சரக்குக்கு ஒரு சீன நிறுவனம் பல வருடங்களாகக் கூலி வாங்கிக்கொண்டிருக்கிறது. இதே முனையத்தில்தான் 2014இல் சீன நீர்மூழ்கிக் கப்பலும் வந்து நின்றது. இது நல்லதா, கெட்டதா, நம் துறைமுகங்களின் ஆழம் போதாததற்கு நாம் கொடுக்கும் விலையா? இதை உட்கார்ந்து விளக்கிய ஒரு தமிழ்ச் செய்தி என் கண்ணில் பட்டதில்லை. கப்பல் வந்தால் வட்டம் போடுவீர்கள். கப்பல் போனதும் வட்டமும் போய்விடும். கொழும்புத் துறைமுகம் மட்டும் அங்கேயே இருக்கிறது.

பயப்பட ஒன்றுமில்லை என்று நான் சொல்ல வரவில்லை. 2020 ஜூனில் கல்வான் எல்லை மோதலில் இறந்த இருபது வீரர்களில் ஹவில்தார் பழனி எங்களுக்குப் பக்கத்து ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர். சீனா தன் பக்கத்தில் நான்கு பேர் இறந்ததை ஒப்புக்கொள்ளவே எட்டு மாதம் எடுத்துக்கொண்டது. அந்த நாட்டின் ராணுவத்தோடு தொடர்புடைய கப்பல் நம் கடலுக்கு அருகே வருகிறது என்றால் கேள்வி கேட்கத்தான் வேண்டும். என் வருத்தம், அந்த ஒரே கேள்வியோடு நிறுத்திக்கொள்கிறோமே என்பதுதான்.

நெடுந்தீவு விஷயத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். என் மனதை அதிகம் உறுத்தியது அதுதான்.

2021 ஜனவரியில் யாழ்ப்பாணத்துக்கு அருகே உள்ள நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்று தீவுகளிலும் சூரிய ஒளி, காற்று, பேட்டரி, டீசல் எல்லாம் சேர்ந்த மின்திட்டம் அமைக்கும் வேலையை இலங்கை அரசு ஒரு சீனக் கூட்டு நிறுவனத்துக்குக் கொடுத்தது. சுமார் 12 மில்லியன் டாலர் வேலை. பணம் சீனாவுடையது கிடையாது. ஆசிய வளர்ச்சி வங்கியின் நிதியில் டெண்டர் விட்டு எடுத்த வேலை. இந்தியா ஆட்சேபித்தது. “ராமேஸ்வரத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டரில் சீனா” என்று இங்கே தலைப்புகள் வந்தன. அந்த வருடம் டிசம்பரில், மூன்றாம் தரப்பு ஒன்றின் பாதுகாப்புக் கவலையால் திட்டம் நிறுத்தப்பட்டது என்று கொழும்பிலுள்ள சீனத் தூதரகம் சொன்னது. கையோடு மாலத்தீவில் பன்னிரண்டு தீவுகளில் இதேபோன்ற வேலைக்கு அந்தச் சீன நிறுவனம் ஒப்பந்தம் போட்டிருப்பதையும் அறிவித்தது. 2022 மார்ச்சில் அதே மூன்று தீவுகளுக்கும் இந்தியா மானியமாகத் திட்டம் தருவதாக ஒப்பந்தமானது. சுமார் 11 மில்லியன் டாலர். கட்டும் வேலை ஒரு பெங்களூரு நிறுவனத்துக்குக் கொடுக்கப்பட்டதோ 2024 மார்ச்சில்.

“சீனாவை விரட்டியது இந்தியா” என்று இது முடிந்துபோனது. சரி, நெடுந்தீவில் இருப்பவர் யார்? தமிழர்கள். குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து படகில் போக வேண்டிய ஊர். கடல் கொந்தளித்தால் படகு கிடையாது. அப்போது டீசல் ஜெனரேட்டர் ஓடினால்தான் விளக்கு எரியும் என்ற நிலை. அவர்களுக்கு வர வேண்டிய மின்சாரம் இரண்டு பெரிய நாடுகளின் இழுபறியில் மூன்று வருடத்துக்கு மேல் தள்ளிப்போனது. இந்தத் தாமதத்தைப் பற்றி அங்குள்ள மக்கள் என்ன நினைக்கிறார்கள்? சீன நிறுவனம் வேண்டாம் என்றார்களா, யார் தந்தாலும் கரண்ட் வந்தால் போதும் என்றார்களா? வேலை பார்க்க யார் யார் வந்து தங்குவார்கள், மின்கட்டணம் எவ்வளவு ஆகும், மீன் பிடிக்கும் இடம் ஏதாவது பறிபோகுமா? இதையெல்லாம் கேட்க மொழிபெயர்ப்பாளர் வேண்டியதில்லை. அவர்கள் பேசுவதும் நாம் பேசுவதும் ஒரே மொழி. டெல்லி ஆங்கிலத் தொலைக்காட்சிக்கு இல்லாத வசதி அது. உங்களுக்கு இருக்கிறது. அதைப் பயன்படுத்தாமல் டெல்லியில் எழுதியதை மொழிபெயர்த்துப் போடுகிறோம் என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

யாழ்ப்பாணத்து உதயன் நாளிதழும் கொழும்பு வீரகேசரி நாளிதழும் இந்தத் தீவுகளைப் பற்றி எழுதாமல் இருந்ததில்லை. அவற்றை எடுத்துப் பார்க்கக்கூட நம் செய்தி மேசைகளில் யாரும் மெனக்கெடுவதாகத் தெரியவில்லை.

கௌதாரிமுனைக்கும் இதே கதிதான். இலங்கையின் வடக்கே பூநகரிப் பக்கம் உள்ள அந்தக் கரையில் 2021இல் ஒரு சீன–இலங்கைக் கூட்டு நிறுவனம் கடலட்டைப் பண்ணை போட்டது. முறையான அனுமதி இல்லாமல் போட்டிருக்கிறார்கள், எங்கள் தொழிலிடம் போகிறது என்று உள்ளூர் மீனவர்கள் எதிர்த்தார்கள். இங்கே அது “தமிழகத்தை நெருங்கும் சீனர்கள்” என்ற செய்தியானது. நமக்குப் பழக்கமான கடலட்டைதான். இந்தியாவில் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. பிடித்தாலே குற்றம். மண்டபத்திலும் எங்கள் தூத்துக்குடியிலும் மூட்டை மூட்டையாகப் பிடிபட்டதாக உங்கள் மாவட்டப் பக்கங்களில் அடிக்கடி வருகிறது. கடலுக்கு அந்தப் பக்கம் அது சட்டப்படி ஏற்றுமதிப் பொருள். இரண்டு பக்கச் சரக்கும் கடைசியில் போய்ச் சேர்வது பெரும்பாலும் சீனச் சந்தைக்கு. ஒரு கரையில் வழக்கு, மறு கரையில் பண்ணை, இரண்டையும் இழுப்பது ஒரே சந்தையின் விலை. வெளியுறவு என்றால் மந்திரிகள் கைகுலுக்குவது மட்டும்தானா? பாக் நீரிணையில் சீனாவின் கை எப்படி நீள்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான கதை கிடைக்காது. மாவட்ட நிருபர் ஒருவரே எழுதிவிடலாம். அவரை எழுதச் சொல்லுங்கள்.

அப்புறம் கடன். “கடன் பொறி” என்ற சொல்லை ஒரு நாளைக்கு எத்தனை முறை கேட்கிறோம்! கடன் கட்ட முடியாததால் அம்பாந்தோட்டையைச் சீனா பிடுங்கிக்கொண்டது என்பதுதான் நம் வாசகர் மனதில் பதிந்திருக்கும் கதை. நடந்தது வேறு. கனடா, டென்மார்க் நிறுவனங்கள் சாத்தியக்கூறு ஆய்வு செய்த திட்டம் அது. முதல் கட்டத்துக்குச் சீனாவின் எக்சிம் வங்கி கொடுத்தது 307 மில்லியன் டாலர், வட்டி 6.3 சதவீதம். 2017இல் 99 வருடக் குத்தகைக்கு விட்டு இலங்கை வாங்கிய 1.12 பில்லியன் டாலர் அந்தக் கடனை அடைக்கப் போகவில்லை. அந்நியச் செலாவணிக் கையிருப்பை நிரப்பவும் மற்ற வெளிநாட்டுக் கடன்களைச் சமாளிக்கவும்தான் உதவியது. துறைமுகக் கடன் அப்படியே இருந்தது, கட்ட வேண்டிய பொறுப்பு மட்டும் அரசின் திறைசேரிக்கு மாறியது. 2022 ஏப்ரல் 12 அன்று இலங்கை கையை விரித்தபோது அதன் வெளிநாட்டு அரசுக் கடனில் சீனாவின் பங்கு ஐந்தில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவு. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சர்வதேசச் சந்தையில் விற்ற கடன் பத்திரங்கள். நியூயார்க், லண்டன் முதலீட்டு நிறுவனங்களைப் பற்றி நம் தலைப்புகளில் ஒரு வரி வந்ததா?

இதைச் சொல்வதால் சீனாவுக்கு நற்சான்றிதழ் கொடுக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். பொறி என்று சொல்லி முடித்துவிடுவதால் சீனாவிடம் கேட்க வேண்டிய உண்மையான கேள்விகள் தப்பித்துப்போகின்றன. கடன் ஒப்பந்தங்கள் ஏன் மக்கள் பார்வைக்கு வருவதில்லை? இலங்கை மருந்துக்கும் பெட்ரோலுக்கும் வரிசையில் நின்றபோது இந்தியா ஏறக்குறைய நான்கு பில்லியன் டாலர் அளவுக்கு உதவியது. பெரிய அளவில் கடன் கொடுத்திருந்த சீனாவோ 2023 ஜனவரியில் இரண்டு வருட அவகாசம் தருவதாக ஒரு கடிதம் கொடுத்தது. சர்வதேச நாணய நிதியம் (ஐ.எம்.எஃப்.) அது போதாது என்றது. அடுத்த கடிதம் வந்த பிறகு மார்ச் மாதத்தில்தான் உதவிக்கு அனுமதி கிடைத்தது. இந்தியாவும் ஜப்பானும் கடன் கொடுத்த மற்ற நாடுகளும் ஒரே மேசையில் உட்கார்ந்தபோது சீனா தனியாகப் பேசியது. ஏன்?

2021இல் சீனாவிலிருந்து வந்த இயற்கை உரத்தில் பயிருக்குத் தீங்கான நுண்ணுயிர் இருப்பதாக இலங்கையின் தாவரத் தனிமைப்படுத்தல் விஞ்ஞானிகள் சொன்னார்கள். பணம் கொடுக்க நீதிமன்றம் தடை விதித்தது. உடனே சீனத் தூதரகம் இலங்கையின் அரசு வங்கியான மக்கள் வங்கியைக் கறுப்புப் பட்டியலில் வைத்தது. கடைசியில் 2022 ஜனவரியில் இலங்கை 6.7 மில்லியன் டாலர் கொடுத்தது, வயலில் இறங்காத உரத்துக்கு. ஒரு பெரிய நாடு சிறிய நாட்டை எப்படி நடத்துகிறது என்பதற்கு இந்த ஒரு சம்பவம் பத்துச் சிவப்பு வட்டங்களைவிட அதிகம் சொல்லும்.

இன்னொன்றும் இருக்கிறது. இதைத் தமிழ் ஊடகம் எழுதாமல் வேறு யார் எழுதுவார்கள்? ஜெனீவா. 2009 மே மாதம், போர் முடிந்த சில நாட்களில், ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் இலங்கைக்குச் சாதகமான தீர்மானம் வந்தபோது சீனாவும் ஆதரித்தது, இந்தியாவும் ஆதரித்தது. 2012இல் இலங்கையைப் பொறுப்புக் கேட்ட தீர்மானத்தைச் சீனா எதிர்த்தது, இந்தியா ஆதரித்தது. 2021இலும் 2022இலும் சீனா எதிர்த்தது, இந்தியா ஒதுங்கி நின்றது. சொந்த மண்ணில் என்ன நடந்தாலும் வெளியார் தலையிடக் கூடாது என்பது பெய்ஜிங்கின் பழைய கொள்கை. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் படங்களைக் கையில் ஏந்திக்கொண்டு கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களுக்குச் சீன வெளியுறவுக் கொள்கை என்றால் இதுதான். அவர்களுக்கு யுவான் வாங் 5ஐவிட அந்த வாக்கு பெரிது. சீனாவின் வாக்கை எழுதினால் இந்தியாவின் வாக்கையும் பக்கத்திலேயே எழுத வேண்டிவரும் என்பதற்காக அதை விட்டுவிடாதீர்கள்.

சீனா நம்மைப் பார்க்காமல் இல்லை. 1409ஆம் ஆண்டு தேதியிட்டு சீனக் கடற்படைத் தளபதி செங் ஹ இலங்கையின் காலி நகரில் நிறுத்திய கல்வெட்டில் சீனம், பாரசீகத்தோடு தமிழும் இருக்கிறது. இன்றும் அது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் நிற்கிறது. 1963 முதல் சீன வானொலி தமிழில் ஒலிபரப்பியது. தமிழ்ப் பெயர் வைத்துக்கொண்டு பேசிய சீன அறிவிப்பாளர்களுக்கு நம் கிராமங்களில் நேயர் மன்றங்கள் இருந்தன. 2021 டிசம்பரில் சீனத் தூதர் சீ சென்ஹோங் வேட்டி கட்டி நல்லூர் முருகன் கோயிலுக்குப் போனார், யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்கும் போனார். அதே வருடம் மே மாதம், கொழும்பில் சட்டமா அதிபர் (அட்டர்னி ஜெனரல்) திணைக்களத்துக்குச் சீன உதவியில் அமைந்த நூலகத்தின் பெயர்ப் பலகையில் சிங்களமும் ஆங்கிலமும் சீனமும் இருந்தன, தமிழ் இல்லை. கண்டனம் எழுந்த பிறகு பலகையை எடுத்தார்கள். இரண்டும் சேர்ந்ததுதான் செய்தி. வேட்டிப் படத்தை மட்டும் போட்டுவிட்டுப் பலகையை மறப்பதும், பலகையை மட்டும் பிடித்துக்கொண்டு தூதர் எதற்காக யாழ்ப்பாணம் வரை வந்தார் என்று கேட்காமல் விடுவதும், இரண்டுமே அரைகுறை.

பெய்ஜிங்கிலிருந்து எழுத ஆள் வைப்பது கடினமானது என்பதும் உண்மைதான். 2023இல் இரு அரசுகளும் மாறி மாறிப் பத்திரிகையாளர் விசாவை மறுத்ததில், அந்த ஜூன் மாத வாக்கில் அங்கிருந்த கடைசி இந்திய நிருபரையும் சீனா கிளம்பச் சொன்னது. ஆனால் கொழும்புக்கு அப்படிப்பட்ட தடை எதுவும் இல்லை. சென்னையிலிருந்து விமானத்தில் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஒரு பத்திரிகையால் முடியாவிட்டால் நான்கு நிறுவனங்கள் சேர்ந்து ஒரு நிருபரை அங்கே வைத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை அம்பாந்தோட்டைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் மன்னாருக்கும் அவர் போய்வரட்டும். சீன மொழி படித்த தமிழ் இளைஞர்களைத் தேடுங்கள். சீன அரசு ஏடுகள் தங்கள் மக்களுக்கு என்ன சொல்கின்றன என்பதை மூலத்திலேயே படித்துச் சொல்ல ஒருவர் இருந்தால்கூடப் போதும். சீனா தன் செலவில் அழைத்துப்போகும் சுற்றுலாவுக்கு உங்கள் நிருபர் போனால், யார் செலவு என்பதைக் கட்டுரையின் தலையிலேயே போடுங்கள். நம் அரசின் செலவில் போனாலும் அப்படித்தான்.

இந்திய நிறுவனங்களிடமும் இதே கேள்விகளைக் கேளுங்கள். மன்னாரிலும் பூநகரியிலும் அதானி நிறுவனம் போடவிருந்த 484 மெகாவாட் காற்றாலைத் திட்டத்துக்கு எதிராக உள்ளூர் மக்கள் பேசினார்கள், வழக்கும் போட்டார்கள். 2025 பிப்ரவரியில் நிறுவனமே விலகிக்கொண்டது. கௌதாரிமுனை மீனவரின் எதிர்ப்பு செய்தி என்றால் மன்னார் மீனவரின் எதிர்ப்பும் செய்திதான்.

2024 முழுக்க வெளிநாட்டு ஆய்வுக் கப்பல்களுக்கு இலங்கை தடை போட்டிருந்தது. அந்தத் தடைக்காலம் முடிந்துவிட்டது. 2025 ஜனவரியில் அதிபர் அநுர குமார திசாநாயக்க பெய்ஜிங் போனபோது, அம்பாந்தோட்டையில் 3.7 பில்லியன் டாலர் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை கட்டச் சினோபெக் நிறுவனத்தோடு உடன்பாடு ஆனது. ஆகவே அங்கே மறுபடியும் கப்பல் வரும், மறுபடியும் வட்டம் போடத் தோன்றும். போடுங்கள். போடும் முன் அந்தக் கப்பல் எந்தத் துறையின் கீழ் இயங்குகிறது, இலங்கையின் எந்த நிறுவனம் எந்தத் தேதியில் அனுமதி கொடுத்தது, ஆய்வு என்றால் எந்த உள்ளூர் நிறுவனத்தோடு, கிடைக்கும் தரவு யாருக்குப் போகும் என்று கொழும்பில் ஒருவரை அனுப்பிக் கேளுங்கள். கூடவே அந்த ஆலைக்கு யார் நிலம் போகிறது என்றும் கேட்டு வரச் சொல்லுங்கள். அம்பாந்தோட்டையில் கைத்தொழில் வலயத்துக்காக 15,000 ஏக்கர் கேட்டபோது, 2017 ஜனவரியில் அங்குள்ள விவசாயிகளும் பிக்குகளும் தெருவில் இறங்கிக் கண்ணீர்ப் புகை வாங்கினார்கள். அவர்களில் யாரிடமாவது பேசி எழுதிய கட்டுரையைத் தமிழில் படிக்கக் காத்திருக்கிறேன்.

கொழும்புத் துறைமுகம் எப்படி வேலை செய்கிறது, ஒரு பெட்டி எங்கே இறங்கி எங்கே ஏறுகிறது என்பதில் ஏதாவது விளக்கம் வேண்டுமானால் உங்கள் தூத்துக்குடி நிருபரை எப்போது வேண்டுமானாலும் அனுப்புங்கள். தெரிந்ததைச் சொல்கிறேன், தெரிந்தவர்களையும் காட்டுகிறேன்.

அன்புடன்,
தூத்துக்குடியிலிருந்து உங்கள் வாசகன்